தைரோகுளோபுலின் இவ்வளவு பெரிய புரதம். செல்லுக்குள் எப்படிப் போகிறது, ரத்தத்துக்கு எப்படி வருகிறது?

விலங்கியல்_டீச்சர் கேட்டது:

வணக்கம். ஈரோடு பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் எடுக்கிறேன். என் அம்மாவுக்கு தைராய்டில் பாப்பிலரி வகைப் புற்றுநோய் வந்து, சுரப்பியை முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். அப்புறம் கதிரியக்க அயோடின் கொடுத்தார்கள். இப்போது நன்றாக இருக்கிறார், தினமும் காலையில் தைராக்ஸின் மாத்திரை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் தைரோகுளோபுலின் பார்க்கிறோம். கடைசி ரிப்போர்ட்டில் மில்லிலிட்டருக்கு 0.2 நானோகிராமுக்குக் கீழே என்று வந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, "ரொம்ப நல்லது, அடுத்த முறை வாங்க" என்று அனுப்பிவிட்டார். வெளியே நிறைய பேர் காத்திருந்தார்கள், நானும் மேற்கொண்டு கேட்கவில்லை.

எனக்குப் புரியாதது இதுதான். தைரோகுளோபுலின் என்பது சுரப்பிக்கு உள்ளே, ஃபாலிக்கிளின் (செல்கள் சுற்றி நிற்கும் சிறு உருண்டைப் பையின்) நடுவில் இருக்கும் கூழ்மத்தில் சேர்த்துவைக்கப்படும், தைராய்டு ஹார்மோன் உருவாகும் புரதம் என்றுதான் நான் வகுப்பில் சொல்கிறேன். 660 கிலோடால்டன். அவ்வளவு பெரிய மூலக்கூறு, நோய் எதுவும் இல்லாத ஆட்களின் ரத்தத்திலும் எப்படி இருக்கிறது? கசிகிறதா, இல்லை செல்லே அனுப்புகிறதா?

இதோடு சேர்த்து இன்னொன்று. போன வாரம் பதினொன்றாம் வகுப்பில் ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "மிஸ், அந்த செல்லே புரதத்தைச் செஞ்சு வெளியே தள்ளுது, அப்புறம் அதே செல் அதை உள்ளே எடுத்து உடைக்குது. எதுக்கு இந்த வேலை? உள்ளேயே வெச்சுச் செய்யக் கூடாதா?" நல்ல கேள்வி. நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


கூழ்மம் எழுதியது:

டீச்சர், உங்கள் மாணவி கேட்டதற்கு முதலில் வருகிறேன். அது தெரிந்தால் மற்றது தானாக விளங்கும். என் முனைவர் பட்ட ஆய்வே இந்தப் புரதத்தைப் பற்றித்தான். எலித் தைராய்டிலிருந்து எடுத்த எஃப்ஆர்டிஎல்-5 என்ற செல்களை வளர்த்து, தைரோகுளோபுலின் அவற்றில் எப்படி ஒட்டுகிறது, எப்படி உள்ளே போகிறது என்று பார்ப்பதுதான் வேலை. இப்போது கோவையில் கல்லூரியில் உயிர்வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். பிடித்த விஷயம் என்பதால் நீளமாகத்தான் எழுதுவேன்.

தைராய்டு செல்லுக்கு இரண்டு பக்கம். ஒன்று கூழ்மத்தைப் பார்த்த பக்கம், இன்னொன்று ரத்தக் குழாயைப் பார்த்த பக்கம். அயோடைடு ரத்தப் பக்கமாக உள்ளே வருகிறது. அதை இழுத்து வருவது சோடியம்-அயோடைடு கடத்திப் புரதம். அதன் மரபணுவை 1996இல் பிரித்தெடுத்தார்கள். உங்கள் அம்மாவுக்குக் கொடுத்த கதிரியக்க அயோடினும் அந்தக் கதவு வழியாகத்தான் மிச்சமிருந்த தைராய்டு செல்களுக்குள் போயிருக்கும். உள்ளே வந்த அயோடைடு செல்லைக் கடந்து கூழ்மப் பக்கம் போகிறது.

அயோடினை, தைரோகுளோபுலினில் உள்ள டைரோசின் என்ற அமினோ அமிலத்தில் ஏற்றுவதுதான் இதில் ஆபத்தான வேலை. தைராய்டு பெராக்சிடேஸ் என்ற நொதி அதைச் செய்கிறது. அதற்கு ஹைட்ரஜன் பெராக்சைடு வேண்டும். பெராக்சைடை செல்லுக்குள் தாராளமாக உற்பத்தி செய்தால் டிஎன்ஏ, சவ்வு என்று எல்லாவற்றையும் அது தாக்கும். அதனால் பெராக்சைடை உண்டாக்கும் நொதியும் சரி, அயோடினை ஏற்றும் நொதியும் சரி, கூழ்மப் பக்கத்துச் சவ்விலேயே வெளியே பார்த்தபடி உட்கார்ந்திருக்கின்றன. வேதிவினை நடப்பது செல்லுக்கு வெளியே, சவ்வை ஒட்டி. உங்கள் மாணவியிடம் இதைச் சொல்லுங்கள்.

சேமிப்பும் ஒரு காரணம். அயோடின் எல்லா நாளும் சாப்பாட்டில் கிடைக்கும் என்று உடம்பு நம்பியிருக்க முடியாது. கூழ்மத்தில் தைரோகுளோபுலின் அவ்வளவு அடர்த்தியாக அடைத்து வைக்கப்பட்டிருக்கிறது. இரண்டு மூன்று மாதத்துக்குத் தேவையான ஹார்மோன் அதில் பூட்டிக் கிடக்கும். வேறு எந்த நாளமில்லாச் சுரப்பியும் இவ்வளவு சேர்த்து வைப்பதில்லை. இன்னொன்றும் கவனியுங்கள். இரண்டு சங்கிலிகள் சேர்ந்த ஒரு முழு தைரோகுளோபுலினில் ஏறத்தாழ 130 டைரோசின்கள் இருக்கின்றன. அதில் தைராக்ஸினாக மாறுவது இரண்டோ மூன்றோதான். இவ்வளவு பெரிய புரதத்தைக் கட்டி, மடித்து, வெளியே அனுப்பி, திரும்ப எடுத்து உடைத்தால் கையில் கிடைப்பது அவ்வளவுதான். 2020இல் இதன் முப்பரிமாண வடிவத்தை உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கி வழியாகப் பார்த்தார்கள். இணைந்து ஹார்மோனாக வேண்டிய டைரோசின் ஜோடிகள் ஒன்றையொன்று எட்டும்படி நிற்பதற்கு இந்தப் பெரிய உடம்பு தேவைப்படுகிறது என்பது அந்தப் படத்தைப் பார்த்தால் விளங்கும்.

சரி, உள்ளே போவது எப்படி? ஒட்டுவது வேறு, உள்ளே போவது வேறு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காவிட்டால் இந்தத் துறையில் எதுவும் பிடிபடாது. நாங்கள் பிரித்த விதம் மிகவும் எளிமையானது: குளிர்.

செல் தட்டை ஐஸ் மேல் வைத்துவிடுவோம். 4 டிகிரியில் சவ்வு விறைத்துப்போகிறது, குழிந்து பையாகக் கிள்ளிக்கொள்ளாது. ஆனால் ஏற்பியில் புரதம் ஒட்டுவதற்குத் தடையில்லை. அந்த நிலையில் தைரோகுளோபுலினைச் சேர்த்து, காத்திருந்து, குளிர்ந்த உப்புக் கரைசலால் அலசுவோம். ஓரத்தில் மெதுவாக ஊற்ற வேண்டும். நேராக ஊற்றினால் செல்கள் தட்டிலிருந்து பிய்ந்து மிதக்கும், அன்றைய சோதனை அத்தோடு போச்சு. அலசியபின் செல்லில் மிச்சமிருப்பதெல்லாம் மேலே ஒட்டியது. இன்னொரு தட்டை அதேபோல் செய்து 37 டிகிரிக்கு மாற்றுவோம். சவ்வு இளகி, ஒட்டிய புரதம் உள்ளே இழுக்கப்படும். அப்புறம் ஹெப்பாரின் (எதிர்மின்னூட்டம் உள்ள சர்க்கரைச் சங்கிலி) கலந்த கரைசலால் அலசினால் வெளியே ஒட்டியிருப்பது கழன்றுவிடும். அதற்குப் பின்னும் செல்லை உடைத்தால் கிடைக்கும் தைரோகுளோபுலின்தான் உள்ளே போனது. 4 டிகிரித் தட்டை ஹெப்பாரினால் அலசினால் ஏறக்குறைய எல்லாமே கழன்று வந்துவிடும். 37 டிகிரித் தட்டில் கழலாது. அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கும்போது, ஒரு புரதம் செல்லுக்குள் நுழைவதைக் கண்ணால் கண்ட மாதிரி இருக்கும்.

உள்ளே போக ஒரே வழி என்று இல்லை. சாதாரண நேரத்தில் செல் கூழ்மத்தைச் சிறு சிறு குமிழிகளாக உறிஞ்சுகிறது. கூழ்மத்தில் தைரோகுளோபுலின் அவ்வளவு செறிவாக இருப்பதால், எதையும் தேடிப் பிடிக்காமல் சும்மா உறிஞ்சினாலே நிறைய வரும். பிட்யூட்டரியிலிருந்து, தைராய்டைத் தூண்டும் டிஎஸ்எச் ஹார்மோன் திடீரென்று அதிகமாக வந்தால் காட்சி மாறுகிறது. எலிக்கு டிஎஸ்எச் ஊசி போட்ட சில நிமிடங்களில் செல்லின் மேற்புறத்திலிருந்து போலிக்கால்கள் நீண்டு, கூழ்மத்தைப் பெரிய துளிகளாக அப்படியே விழுங்குவதை நுண்ணோக்கியில் பார்க்கலாம். இறுகிப்போன கூழ்மத்தை முதலில் வெளியிலேயே கொஞ்சம் கரைப்பதற்கு, செல் தன் கதெப்சின் என்ற புரதம் வெட்டும் நொதிகளைக் கூழ்மத்துக்குள் விடுவதும் உண்டு. உள்ளே வந்தவை லைசோசோமில் (செல்லின் செரிமானப் பையில்) சேர்ந்து, கதெப்சின்களால் வெட்டுப்பட்டு, டி4 (தைராக்ஸின்), டி3 என்ற ஹார்மோன்கள் வெளியே வரும். மிச்ச அமினோ அமிலமும் அயோடினும் மறு உபயோகத்துக்குப் போகும்.

இனி உங்கள் அம்மாவின் ரிப்போர்ட்டுக்கு வருவோம். இங்கேதான் மெகாலின் வருகிறது. எனக்குப் பிடித்த புரதம் இது. கொழுப்பைச் சுமக்கும் எல்டிஎல் துகளைப் பிடிக்கிற ஏற்பி இருக்கிறதே, அந்தக் குடும்பத்தில் இது ராட்சசன், சுமார் 600 கிலோடால்டன். இதை முதலில் கண்டது தைராய்டில் இல்லை. எலிகளில் ஹேமன் நெஃப்ரைட்டிஸ் என்ற சிறுநீரக நோயை ஆராயும்போது, எதிர்ப்பொருள்கள் (ஆன்டிபாடிகள்) எந்தப் புரதத்தில் போய் ஒட்டுகின்றன என்று தேடி, 1982இல் கெர்ஜாஷ்கியும் ஃபார்குவாரும் இதைப் பிடித்தார்கள். சிறுநீரகத்தில் வடிகட்டிய நீரிலிருந்து புரதங்களை மீட்பது இதன் வேலை. பிறகு தைராய்டு செல்லிலும் இது இருப்பது தெரிந்தது, அதுவும் சரியாகக் கூழ்மப் பக்கத்துச் சவ்வில். பாஸ்டனில் மாசசூசெட்ஸ் ஜெனரல் மருத்துவமனையில் ராபர்ட் மெக்ளஸ்கியின் குழுவில் வேலை செய்த மிகேலே மரினோ, பின்னர் இத்தாலியின் பீசாவில் இதைத் தொடர்ந்தார். நான் ஆய்வு செய்த காலத்தில் அவர்கள் கட்டுரைகளை அச்செடுத்து, ஓரமெல்லாம் எழுதி வைத்துக்கொண்டுதான் சோதனையைத் திட்டமிடுவோம்.

மெகாலின் தைரோகுளோபுலினை இறுக்கமாகப் பிடிக்கிறது. பிடிப்பதற்குக் கால்சியம் வேண்டும். கால்சியத்தை நீக்கினால் பிடி விட்டுவிடும். ஆர்ஏபி என்ற சிறு புரதத்தைச் சேர்த்தாலும் அது மெகாலினில் போய் உட்கார்ந்துகொண்டு தைரோகுளோபுலினுக்கு இடம் தராது. ஹெப்பாரின் சேர்த்தாலும் ஒட்டுவது குறையும். தைரோகுளோபுலினில் நேர்மின்னூட்டம் உள்ள ஒரு பகுதி ஹெப்பாரினோடும் ஒட்டக்கூடியது என்பதுதான் காரணம். செல்லின் மேல் இருக்கும், ஹெப்பாரின் போன்ற ஹெப்பாரன் சல்ஃபேட் சங்கிலிகளும் இதே பகுதியைப் பிடித்து உதவுகின்றன.

ஆச்சரியம் அடுத்த கட்டத்தில். மெகாலின் பிடித்து உள்ளே கொண்டுபோனது லைசோசோமுக்குப் போவதில்லை, பெரும்பாலும் உடைபடாமலே செல்லின் குறுக்கே போய் ரத்தப் பக்கத்தில் வெளியேறுகிறது. முன்வாசலில் வாங்கிய மூட்டையைப் பிரிக்காமலே கொல்லைப்புறத்தில் இறக்கிவிடுவது போல. டிரான்ஸ்சைட்டோசிஸ் என்று பெயர். இதை அவர்கள் காட்டியது, செல்களை ஒரு வடிதாளின் மேல் விரிப்பாக வளர்த்து, மேலறை, கீழறை என்று பிரித்து, மேலே போட்ட தைரோகுளோபுலின் எவ்வளவு கீழே வருகிறது என்று அளந்து. மெகாலினைத் தடுத்தால் கீழே வருவது குறைந்தது. மெகாலின் மரபணு நீக்கிய எலிகளின் ரத்தத்திலும் தைரோகுளோபுலின் குறைவாக இருந்தது. 2003இல் அதே குழு இன்னும் ஒரு படி போனது: இப்படிக் குறுக்கே அனுப்பப்படுவது பெரும்பாலும் ஹார்மோன் அதிகம் உருவாகாத தைரோகுளோபுலின். ஹார்மோன் குறைவான சரக்கை லைசோசோமில் போட்டு உடைப்பதால் செல்லுக்குப் பெரிய லாபமில்லை, அதை வழியிலிருந்து விலக்கினால் லைசோசோம் ஹார்மோன் உள்ளதை உடைக்கலாம். நான் படித்ததிலேயே அழகான முடிவுகளில் ஒன்று இது.

ஆக, நல்ல சுரப்பி உள்ளவர்களின் ரத்தத்தில் தைரோகுளோபுலின் இருப்பதற்கு இந்தக் குறுக்கு வழியும் ஒரு முக்கியக் காரணம். செல் நேராக ரத்தப் பக்கம் சுரப்பதும், சுரப்பியில் காயமோ வீக்கமோ இருந்தால் கசிவதும் சேர்ந்துகொள்ளும். சாதாரணமாக மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய 3 முதல் 40 நானோகிராம் வரை இருக்கும். புற்றுநோய் செல்களில் கதை வேறு. அவற்றில் பல, எது கூழ்மப் பக்கம், எது ரத்தப் பக்கம் என்ற ஒழுங்கையே இழந்துவிடுகின்றன. ஃபாலிக்கிள் சரியாகக் கட்டப்படாத இடத்தில் செய்த புரதம் நேரே ரத்தத்துக்குப் போய்விடும், மெகாலின் தேவையில்லை. இந்தப் புரதத்தைச் செய்யும் செல் தைராய்டைத் தவிர உடம்பில் வேறு இல்லை. சுரப்பியை எடுத்து, மிச்சத்தை அயோடினால் அழித்த பிறகு ரத்தத்தில் இது இல்லையென்றால், செய்வதற்கு ஆள் இல்லை என்று அர்த்தம். உங்கள் டாக்டர் சந்தோஷப்பட்டது அதனால்தான்.


சோதனைக்குழாய் எழுதியது:

மேடம் எழுதியது அருமை. மதுரையில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ஹார்மோன் பிரிவில் வேலை செய்கிறேன். டீச்சருக்கு நடைமுறையாக ஒரு விஷயம்: தைரோகுளோபுலின் எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். கூடவே ஆன்டி-தைரோகுளோபுலின் ஆன்டிபாடி என்று ஒரு வரி இருக்க வேண்டும். தைராய்டு புற்றுநோய் வந்தவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு இந்த ஆன்டிபாடி இருக்கும்.

எங்கள் மெஷினில் இரண்டு ஆன்டிபாடிகள் தைரோகுளோபுலினை இரண்டு பக்கமும் பிடித்தால்தான் வெளிச்சம் வரும். நோயாளியின் சொந்த ஆன்டிபாடி ஏற்கெனவே அந்த இடத்தில் ஒட்டியிருந்தால் எங்களுடையது ஒட்ட இடமில்லை. இருக்கிற புரதம் இல்லாத மாதிரி, 0.2க்குக் கீழே என்று வந்துவிடும். அப்படிப்பட்டவர்களுக்கு அந்த ஆன்டிபாடி அளவு வருஷா வருஷம் இறங்குகிறதா, ஏறுகிறதா என்பதைத்தான் டாக்டர்கள் பார்ப்பார்கள். அப்புறம், ஒவ்வொரு முறையும் ஒரே லேபில், ஒரே முறையில் எடுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி எண் மாறும்.

முடி வளர என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இப்போது நிறைய. பல மெஷின்களில் பயோட்டினைக் கொக்கியாகப் பயன்படுத்துகிறார்கள். ரத்தத்தில் அது அதிகம் இருந்தால் தைரோகுளோபுலினும் குறைவாகக் காட்டும், டிஎஸ்எச்சும் குறைவாகக் காட்டும். அம்மா சாப்பிடுகிறார் என்றால் டாக்டரிடம் சொல்லிவிட்டு, ரத்தம் கொடுப்பதற்கு முன் எத்தனை நாள் நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.


விலங்கியல்_டீச்சர் எழுதியது:

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். ஆன்டிபாடி வரி இருக்கிறது, நெகட்டிவ். அம்மா பயோட்டின் எதுவும் சாப்பிடவில்லை. நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது.

பெராக்சைடு விஷயத்தை வகுப்பில் சொன்னேன். அந்தப் பெண் உடனே அடுத்ததைக் கேட்டாள். "அப்ப மாத்திரையில வர்ற தைராக்ஸின் மத்த செல்லுக்குள்ள எப்படிப் போகுது? அதுக்கும் ஏற்பி பிடிச்சு இழுக்கணுமா?" தைராக்ஸின் கொழுப்பில் கரையும், சவ்வை நேராகக் கடந்து உட்கருவுக்குப் போய்விடும் என்றுதான் நான் படித்தேன், அப்படித்தான் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். மேடம், அது சரிதானா?


கூழ்மம் எழுதியது:

அந்தப் பெண்ணை விடாமல் படிக்க வையுங்கள் டீச்சர். நீங்கள் படித்தது ஒரு காலத்தில் எல்லோரும் நம்பியதுதான். இப்போது அது நிற்காது.

தைராக்ஸின் சின்ன மூலக்கூறு, 777 டால்டன். தைரோகுளோபுலினோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ஆனாலும் அதில் அமினோ அமிலத்தின் மின்னூட்டம் உள்ள முனை அப்படியே இருக்கிறது, அது சவ்வின் கொழுப்புப் படலத்தில் சுலபமாக நுழையாது. 1978இலேயே நெதர்லாந்தின் ராட்டர்டாமில், எலிக் கல்லீரல் செல்கள் ஆற்றலைச் செலவழித்துத்தான் தைராய்டு ஹார்மோனை உள்ளே எடுக்கின்றன என்று காட்டினார்கள். சும்மா ஊடுருவுவதாக இருந்தால் ஆற்றல் எதற்கு? கடத்திப் புரதம் ஒன்று இருக்க வேண்டும் என்று தெரிந்தும், அது எது என்று பிடிக்கப் பல வருஷம் ஆனது. 2003இல் அதே ஊரில்தான் எம்சிடி8 என்ற புரதம் அந்த வேலையைச் செய்வதாகத் தெரியவந்தது.

அடுத்த வருஷமே, 2004இல், மனிதர்களில் அதன் பழுது கண்டுபிடிக்கப்பட்டது. எம்சிடி8 மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் பாதிக்கப்படுவது பெரும்பாலும் ஆண் குழந்தைகள். கழுத்து நிற்காது, தசை தளர்ந்திருக்கும், பேச்சு வராது. ஆலன்-ஹெர்ண்டன்-டட்லி நோய் என்று 1944இலேயே விவரிக்கப்பட்டது இதுதான், காரணம் மட்டும் அறுபது வருஷம் தெரியாமல் கிடந்தது. இந்தக் குழந்தைகளின் ரத்தத்தில் டி3 குறைவதில்லை, ரொம்ப அதிகமாக இருக்கும். அதனால் உடல் எடை குறையும், இதயம் வேகமாகத் துடிக்கும். அதே நேரத்தில் மூளைக்குள் ஹார்மோன் போதாமல் இருக்கும். கல்லீரல் போன்ற இடங்களுக்கு வேறு கடத்திகளும் உண்டு. மூளைக்குள் நுழைவதற்கு மனிதர்கள் எம்சிடி8ஐத்தான் பெரிதும் நம்பியிருக்கிறார்கள். தைராக்ஸின் சவ்வை நேராகக் கடந்துவிடும் என்றால் இந்த நோயே வந்திருக்காது. இதை ஒரு குழந்தையின் கதையாகச் சொன்னால் உங்கள் மாணவர்கள் மறக்க மாட்டார்கள். எனக்கும் இந்த நோயைப் பற்றிப் படித்த நாள் முதல், கடத்திப் புரதம் என்பது பாடப் படத்தில் வரும் ஒரு சின்ன உருளை என்ற எண்ணம் போய்விட்டது.

நடுவில் நடப்பதையும் சுருக்கமாகச் சொல்கிறேன். ரத்தத்தில் தைராக்ஸின் தனியாக ஓடுவதில்லை. டிபிஜி என்ற புரதம் அதில் முக்கால் பங்கைச் சுமக்கிறது, டிரான்ஸ்தைரெட்டினும் ஆல்புமினும் மிச்சத்தை. கட்டில்லாமல் இருப்பது 0.03 சதவீதம் அளவுக்குத்தான். ஏற்றுக்கொள்ளத் தயாராக இருப்பது அந்தத் துளிதான்; அது செல்லுக்குள் போகப் போக, சுமைப் புரதங்கள் விட்டுக்கொடுத்துக்கொண்டே இருக்கும். செல்லுக்குள் செலீனியம் உள்ள டீஅயோடினேஸ் நொதி டி4இலிருந்து ஓர் அயோடினைக் கழற்றி டி3 ஆக்குகிறது. டி3 உட்கருவில் உள்ள ஏற்பியில் போய் அமர்கிறது. அந்த ஏற்பியின் மரபணுவை 1986இல் இரண்டு குழுக்கள் ஒரே சமயத்தில் அடையாளம் கண்டன. ஏற்பி ஹார்மோனுக்காக எங்கோ காத்திருப்பதில்லை. ஏற்கெனவே டிஎன்ஏவில் உட்கார்ந்து மரபணுவை அடக்கி வைத்திருக்கும், டி3 வந்ததும் அடக்கும் புரதங்கள் விலகி, தூண்டும் புரதங்கள் வந்து சேரும்.

இன்னொன்றும் உங்கள் வகுப்புக்கு உதவும். தைராய்டு செல்லில் லைசோசோமில் உண்டான டி4, டி3 ரத்தத்துக்கு வெளியேறுவதும் பெரும்பாலும் எம்சிடி8 வழியாகத்தான். அது ரத்தப் பக்கத்துச் சவ்வில் இருக்கிறது. உள்ளே விடவும் வெளியே விடவும் ஒரே புரதம்.


புதுகை_மருந்தாளுநர் எழுதியது:

நல்ல திரி. ஒரு சந்தேகம் சேர்த்துக் கேட்கிறேன். டிஎஸ்எச்சும் புரதம்தானே, 30 கிலோடால்டன் அளவில். அதுவும் தைராய்டு செல்லுக்குள் நுழைகிறதா? கிரேவ்ஸ் நோய்க்கு மாத்திரை வாங்க வருகிறவர்கள், "டிஎஸ்எச் ரொம்பக் கம்மி, ஆனா தைராய்டு ஓவரா வேலை செய்யுதுன்னு சொல்றாங்க, எப்படி?" என்று கேட்கிறார்கள்.


கூழ்மம் எழுதியது:

டிஎஸ்எச் வேலை செய்ய உள்ளே போக வேண்டிய அவசியமில்லை. அதன் ஏற்பி ரத்தப் பக்கத்துச் சவ்வில் இருக்கிறது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வளைந்த பகுதியில் டிஎஸ்எச் ஒட்டியதும், உள்ளே ஜி புரதம் வழியாக, செல்லுக்குள் சைகையைக் கடத்தும் சைக்ளிக் ஏஎம்பி உண்டாகிறது. போலிக்கால் நீள்வதும், மெகாலின் அதிகமாவதும், அயோடைடுக் கதவு பெருகுவதும் அதன் விளைவு. ஒட்டிய பிறகு ஏற்பியும் டிஎஸ்எச்சும் சேர்ந்து உள்ளே இழுக்கப்படுவது உண்டு. அப்படிப் போனால் சைகை நின்றுவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். உள்ளே போன பின்னும் ஏற்பி சைக்ளிக் ஏஎம்பியை உண்டாக்கிக்கொண்டிருப்பதை 2009இல் உயிருள்ள எலி ஃபாலிக்கிள்களில் காட்டினார்கள்.

கிரேவ்ஸில் டிஎஸ்எச் இருக்க வேண்டிய அதே ஏற்பியில் நோயாளியின் ஆன்டிபாடி ஒட்டி, அதைத் தூண்டுகிறது. தைராய்டு ஹார்மோன் ஏறியதும் பிட்யூட்டரி டிஎஸ்எச்சை நிறுத்திவிடும். ஆன்டிபாடிக்குப் பிட்யூட்டரியின் கட்டுப்பாடு கிடையாது, அது தொடர்ந்து தூண்டும். ரிப்போர்ட்டில் டிஎஸ்எச் குறைந்தும் சுரப்பி ஓடிக்கொண்டிருப்பது அதனால். டிஎஸ்எச்சை விட நீண்ட நேரம் தைராய்டைத் தூண்டும் ஏதோ ஒன்று இந்த நோயாளிகளின் ரத்தத்தில் இருக்கிறது என்று நியூசிலாந்தில் ஆடம்ஸும் பர்வ்ஸும் 1956இல் கண்டார்கள். பிறகுதான் அது ஆன்டிபாடி என்று தெரிந்தது.


விலங்கியல்_டீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. இதைக் கரும்பலகையில் வரையப் போகிறேன். எதை எந்தப் பக்கம் போடுவது என்று மட்டும் மேடம் சரிபார்த்துச் சொல்ல முடியுமா?


கூழ்மம் எழுதியது:

ஒரே ஒரு செல்லைப் பெரிதாக வரையுங்கள் டீச்சர், மேலே கூழ்மம், கீழே ரத்தக் குழாய். கீழ்ப்பக்கச் சவ்வில் அயோடைடுக் கதவு, டிஎஸ்எச் ஏற்பி, எம்சிடி8. மேல்பக்கச் சவ்வில் பெராக்சிடேஸ், பெராக்சைடு நொதி, மெகாலின். அம்புக்குறிகளில் தைரோகுளோபுலினுக்கு மூன்று போடுங்கள்: புரதம் தயாராகும் எண்டோபிளாச வலையிலிருந்து மேலே கூழ்மத்துக்கு ஒன்று, கூழ்மத்திலிருந்து லைசோசோமுக்கு ஒன்று, கூழ்மத்திலிருந்து மெகாலின் வழியாக லைசோசோமைத் தொடாமல் கீழே ரத்தத்துக்கு ஒன்று. மூன்றாவதை வேறு நிறச் சாக்கட்டியில் போடுங்கள். வரைந்ததும் படம் எடுத்து இங்கே போட்டால் பார்த்துச் சொல்கிறேன்.